யார் கடித்தது?

“அகிலன்! என்ர அப்பிளை ஏன்டா கடிச்சனீ?”

மதுராவின் சத்தம் மேல்மாடி வரை கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே மில்லிக்கன் முழுவதும் பனி கொட்டியிருந்தது. மதுரா காலையில் ஓர் அப்பிளைக் கழுவிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படம் கீறப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள். அப்பிளில் பெரிய பள்ளம்!

அகிலனுக்கு ஏழு வயது. அவன் படியில் நின்றபடி அழத் தொடங்கிவிட்டான்.

“நான் ஒரு சின்னக் கடிதான் கடிச்சனான். மிச்சத்தை நான் சாப்பிடேல்லை!”

“பொய் சொல்லாதை. வீட்டிலை வேறை ஆர் என்ர அப்பிளைத் தின்னுறது?”

சத்தம் கேட்டு அப்பப்பா வந்தார். அவர் வவுனியாவில் நீண்ட காலம் மிருக வைத்தியராக வேலை செய்தவர். எதையும் தொட்டுப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்பிளை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளை, இஞ்ச வா. இதிலை எத்தினை கடி இருக்கு?”

மதுரா பார்த்தாள். “ரெண்டு.”

“ரெண்டும் ஒரே மாதிரியோ?”

இல்லை. ஒரு கடி சின்னது. அது மண்ணிறமாக மாறியிருந்தது. அதன் நடுவில், வயல் வரம்பு போல, கொஞ்சப் பழம் வெட்டுப்படாமல் நின்றது. மற்றக் கடி பெரியது, ஆழமானது. அது இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

“அகிலன், ஈ எண்டு காட்டு பாப்பம்.”

அகிலன் அழுதுகொண்டே பல்லைக் காட்டினான். போன கிழமை விழுந்த முன்பல்லின் இடத்தில் ஓர் ஓட்டை.

“சரி. சின்னக் கடி இவன்ரதான்,” என்றார் அப்பப்பா. “பல்லில்லாத இடத்திலை பழம் அப்பிடியே நிக்குது. நிறம் மாறிப் போச்சு. ஆனபடியால் கடிச்சுக் கன நேரம். பெரிய கடி வெள்ளையா இருக்கு. அது இப்ப கொஞ்சம் முந்திக் கடிச்சது. அந்த அளவுக்கு இவன்ர வாய் திறக்காது.”

“அப்ப ஆர் கடிச்சது?”

“அது எனக்குத் தெரியாது. அப்பிள் சொன்னதை மட்டும்தான் நான் சொல்லுறன்.”

அகிலன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பாத்தீங்களோ அக்கா!”

மதுராவின் படம்

மதுரா கீறிக்கொண்டிருந்த படம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு. ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் காட்டி மூன்று நிமிடம் தமிழில் பேச வேண்டும். மதுரா டைனோசர்களைப் பற்றிப் பேசப் போகிறாள். அவள் வேறு எதைப் பற்றிப் பேசுவாள்!

போன வருடம் மார்ச் விடுமுறையில் அப்பா அவர்களை றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மில்லிக்கன் நிலையத்தில் கோ ரயில் ஏறினார்கள். யூனியனில் இறங்கி, சுரங்க ரயிலில் ‘மியூசியம்’ நிலையத்துக்குப் போனார்கள். அந்த நிலையத்தில் தூண்களே சிலைகள் மாதிரி இருக்கும். அகிலன் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அருங்காட்சியகத்துக்குள் போனதும், மதுரா கோர்கோசோரஸ் எலும்புக்கூட்டின் முன்னால் நின்றவள் நின்றவள்தான். “பசிக்குது, வா” என்று அப்பா நாலு தரம் கூப்பிட்டார்.

இப்போது அவள் கீறிய படத்தில் இரண்டு டைனோசர்கள் இருந்தன. பெரியது, சின்னதன் தலையைக் கடிக்கிறது. எங்கு பார்த்தாலும் சிவப்பு. சிவப்புப் பென்சில் பாதியாகத் தேய்ந்துவிட்டது. படத்தின் கீழே பெரிய எழுத்தில், ‘கொலைகாரன்!’ என்று எழுதியிருந்தாள்.

“ஆர் ஆரைக் கொன்றது?” என்று அப்பப்பா கேட்டார்.

“இது டாஸ்பிளெட்டோசோரஸ். பாவம், குட்டி. அதை ஒரு பெரிய டைனோசர் தலையிலை கடிச்சுக் கொன்று சாப்பிட்டது. உண்மையாத்தான் அப்பப்பா! அல்பேர்ட்டாவிலை எலும்பு கிடைச்சிருக்கு.”

“கொன்றதெண்டு எலும்பு சொன்னதோ, நீ சொன்னனியோ?”

மதுரா பதில் சொல்லவில்லை. மேசையில் கிடந்த அப்பிளைப் பார்த்தாள். பிறகு நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைக் கொண்டு வந்தாள். மூன்று பேரும் சோபாவில் நெருக்கி இருந்து வாசித்தார்கள்.

பிள்ளைகளே, அவர்கள் வாசித்த கதையை நாமும் பார்ப்போம்.

எலும்பு சொன்ன கதை

கனடாவின் மேற்கில் அல்பேர்ட்டா மாகாணம் இருக்கிறது. அங்கே ‘டைனோசர் மாகாணப் பூங்கா’ என்று ஓர் இடம் உண்டு. பூங்கா என்றதும் பூஞ்செடியையும் ஊஞ்சலையும் நினைக்காதீர்கள். மழையும் காற்றும் அரித்த மண்மேடுகள் வரி வரியாக நிற்கும் இடம் அது. ஆனால் ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஆறுகள் ஓடின. காடும் சதுப்பு நிலமும் இருந்தன. இலை தின்னும் டைனோசர்கள் கூட்டமாகத் திரிந்தன.

அவற்றை வேட்டையாடித் தின்னும் பெரிய டைனோசர்கள் இரண்டு வகை அங்கே வாழ்ந்தன. ஒன்று கோர்கோசோரஸ். மற்றது டாஸ்பிளெட்டோசோரஸ். இரண்டும் நீங்கள் எல்லாரும் அறிந்த ரி-ரெக்ஸின் சொந்தக்காரர். வளர்ந்த ஒன்று எட்டு, ஒன்பது மீற்றர் நீளம் இருக்கும். இவற்றைப் பிடித்துத் தின்ன அந்தக் காட்டில் வேறு பெரிய விலங்கு இல்லை. இப்படிப்பட்ட விலங்கை உச்ச வேட்டை விலங்கு என்று சொல்கிறோம். இன்றைய ஆபிரிக்கப் புல்வெளியில் சிங்கம் அப்படி. கடலில் ஓர்க்கா அப்படி.

அப்படியென்றால் ஓர் உச்ச வேட்டை விலங்கை யார் கடிப்பது? இன்னோர் உச்ச வேட்டை விலங்குதான்!

1994இல் அந்தப் பூங்காவில் ஒரு டாஸ்பிளெட்டோசோரஸின் மண்டையோடும் உடலின் சில எலும்புகளும் கிடைத்தன. அது முழுதாக வளராத விலங்கு. நீளம் கிட்டத்தட்ட 6 மீற்றர். எடை ஏறக்குறைய 500 கிலோகிராம். ‘குட்டி’ என்று மதுரா சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் அந்தக் குட்டி அவளுடைய அப்பாவின் காரைவிட நீளமானது.

அந்த எலும்புகள் டிரம்ஹெல்லர் என்ற ஊரில் உள்ள றோயல் டிரெல் அருங்காட்சியகத்துக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்து, டேவ் ஹோன் என்ற லண்டன் ஆய்வாளரும் டரன் ராங்கி என்ற அருங்காட்சியக வல்லுநரும் அவற்றை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே? டைனோசரில் ஆசை உள்ள பொதுமக்களிடம் கேட்டார்கள். மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 2015இல் ஆய்வு வெளிவந்தது.

மண்டையோட்டில் எங்கும் தழும்புகள் இருந்தன. “எல்லாத் தழும்பும் கடித்ததால் வந்தவை என்று சொல்ல முடியாது” என்ற எச்சரிக்கையோடுதான் அவர்கள் தொடங்கினார்கள். ஆனால் சில தழும்புகள் ரி-ரெக்ஸ் குடும்பத்தின் பல்லுக்கு அளவெடுத்தவை போல இருந்தன. தலையின் பின்பக்கத்தில் விழுந்த ஒரு கடி, எலும்பில் ஒரு துண்டையே உடைத்திருந்தது. அங்கே வட்டமாக ஒரு பல் ஓட்டையும் இருந்தது.

“பாத்தீங்களோ அப்பப்பா! தலையிலை ஓட்டை! அப்ப செத்திருக்கும்தானே?” என்றாள் மதுரா.

அப்பப்பா பேசாமல் தன் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார்.

“இதைத் தொட்டுப் பார்.”

தோலுக்கு அடியில் எலும்பு கொஞ்சம் புடைத்திருந்தது.

“அப்ப எனக்குப் பத்து வயசு. மாமரத்தாலை விழுந்து கை முறிஞ்சு போச்சு. முறிவு வைத்தியர் மட்டை வைச்சுக் கட்டினவர். எலும்பு பொருந்தின இடம்தான் இது. மரத்தாலை விழுந்த அண்டைக்கே நான் செத்திருந்தால், இந்தப் புடைப்பு வந்திருக்குமோ?”

மதுரா யோசித்தாள். “வந்திராது.”

“ஏன்?”

“செத்த எலும்பு வளராது.”

அதுதான் விடயம். எலும்பு கல் மாதிரித் தோன்றும். ஆனால் நம் உடம்புக்குள் அது உயிரோடு இருக்கிறது. உடைந்தால், அந்த இடத்தில் புதிய எலும்பு வளரும். உடைந்த கூரான ஓரங்கள் மெல்ல மெல்ல மழுங்கும். கண்ணாடித் துண்டின் ஓரத்தையும் ஆற்றங்கரைக் கூழாங்கல்லின் ஓரத்தையும் நினைத்துப் பாருங்கள். உடைந்து ஆறாத எலும்பின் ஓரம் கண்ணாடித் துண்டு மாதிரி. ஆறிய எலும்பின் ஓரம் கூழாங்கல் மாதிரி. இதற்கு ஒரு நாள் இரண்டு நாள் போதாது. விலங்கு உயிரோடு இருந்தால்தான் காயம் ஆறும்.

டாஸ்பிளெட்டோசோரஸின் தலைக் காயங்களில் எலும்பு ஆறத் தொடங்கிய அடையாளம் இருந்தது. தலை ஓட்டை விழுந்த பிறகும் அது எழுந்து நடந்திருக்கிறது. சாப்பிட்டிருக்கிறது. கொஞ்சக் காலம் வாழ்ந்திருக்கிறது.

மதுரா தன் படத்தைப் பார்த்தாள். ‘கொலைகாரன்!’ என்ற எழுத்து இப்போது மிகப் பெரிதாகத் தெரிந்தது.

“அப்ப ஒண்டும் அதைச் சாப்பிடேல்லையோ?” என்று அகிலன் கேட்டான். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சாப்பிட்டது. கீழ்த்தாடையில் இன்னொரு கடி இருந்தது. அதில் ஆறிய அடையாளம் ஒன்றும் இல்லை. எலும்புகள் கிடந்த விதத்தையும் தாடை உடைந்த விதத்தையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உடல் அழுகத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கடி விழுந்தது என்று முடிவு செய்தார்கள். கடித்தது ரி-ரெக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரிய விலங்கு. அது கோர்கோசோரஸாகவும் இருக்கலாம். இன்னொரு டாஸ்பிளெட்டோசோரஸாகவும் இருக்கலாம். பல் தடத்தை வைத்து அதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அகிலன் துள்ளினான். “அப்பிள் மாதிரி! முதல் கடி மண்ணிறம், ரெண்டாவது கடி வெள்ளை!”

“ஓம் ராசா. அப்பிளிலை நிறம் மாறின கடி முந்தினது. எலும்பிலை ஆறின கடி முந்தினது.”

உயிரோடு இருந்தபோது வாங்கிய கடியும், செத்த பிறகு விழுந்த கடியும் ஒரே விலங்கில் இருந்தன. அதனால்தான் அந்த மண்டையோட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

“சரி, அப்ப அதைக் கொன்றது ஆர்?” மதுரா விடவில்லை.

அந்தக் கேள்விக்கு எலும்பில் விடை இல்லை. நோய் வந்திருக்கலாம். வெள்ளத்தில் அகப்பட்டிருக்கலாம். பசியாகவும் இருக்கலாம். வேறொரு டைனோசர் கொன்றது என்பதற்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

ஏன் முகத்தில் கடித்தன?

இந்த ஒரு டாஸ்பிளெட்டோசோரஸுக்கு மட்டும்தான் முகத்தில் தழும்பா? இல்லை. 2021இல் அல்பேர்ட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரி-ரெக்ஸ் குடும்பத்தின் 202 புதைபடிவ மாதிரிகளின் மண்டையோட்டு எலும்புகளையும் தாடை எலும்புகளையும் பார்த்தார்கள். அவற்றில் 324 தழும்புகளை எண்ணினார்கள். (உட்கார்ந்து எண்ணிய பொறுமைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்!) சின்னக் குட்டிகளின் முகத்தில் தழும்பே இல்லை. பாதி வளர்ந்த பிறகுதான் தழும்புகள் தொடங்கின. முழுதாக வளர்ந்தவற்றில் நூற்றுக்கு அறுபது அளவில் தழும்பு இருந்தது.

அவையும் ஆறிய தழும்புகள். ஒன்றை ஒன்று தின்பதற்காகக் கடித்திருந்தால் இத்தனை டைனோசர்கள் பிழைத்திருக்குமா? இடத்துக்காகவோ, துணைக்காகவோ, ‘நான்தான் பெரியவன்’ என்று காட்டவோ அவை முகத்தில் கடித்துச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

“வன்னிக் குளங்களிலை முதலையளும் அப்பிடித்தான்,” என்றார் அப்பப்பா. “கடிபட்டுக் கால் போன முதலையும் கன காலம் சீவிக்கும். ஆனால் பசி வந்தால் பெரிய முதலை சின்ன முதலையையும் விழுங்கும். சண்டை வேறை, சாப்பாடு வேறை.”

சாப்பாட்டுத் தடங்கள்

சாப்பாட்டுக்காகக் கடித்த தடங்களும் கிடைத்திருக்கின்றன. 2010இல் நிக் லோங்ரிச் என்ற ஆய்வாளரும் அவருடைய நண்பர்களும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருந்த ரி-ரெக்ஸ் எலும்புகளைப் பார்த்தார்கள். நான்கு எலும்புகளில் பெரிய, ஆழமான பல் தடங்கள் இருந்தன. ரி-ரெக்ஸ் வாழ்ந்த காலத்தில், அந்த நிலத்தில், அவ்வளவு பெரிய பல் உள்ள வேட்டை விலங்கு வேறு எதுவும் இல்லை. ஆகவே கடித்ததும் ரி-ரெக்ஸ்தான்! கடிபட்டதும் ரி-ரெக்ஸ், கடித்ததும் ரி-ரெக்ஸ்.

அந்தத் தடங்கள் ஆறவில்லை. அவை இருந்த இடங்களையும் கவனியுங்கள்: கால் எலும்புகளும் ஒரு கை எலும்பும். ரி-ரெக்ஸின் கை எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். பாதத்திலும் இறைச்சி குறைவு. உங்கள் வீட்டில் கோழிக்கறி வைத்தால் என்ன நடக்கும்? நல்ல துண்டுகள் முதலில் போய்விடும். சட்டியில் கடைசியாகக் கிடப்பதைத்தான் கடைசியாக வருபவர் எடுத்துச் சூப்புவார். இந்த ரி-ரெக்ஸும் செத்துக் கிடந்த உடலில் மிஞ்சியதைத் தின்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்து சமுத்திரத்தில் உள்ள மடகஸ்கார் தீவில் மஜுங்கசோரஸ் என்ற உச்ச வேட்டை விலங்கு வாழ்ந்தது. அதன் எலும்புகளிலும் பல் தடங்கள் கிடைத்தன. 2003இல் அந்த ஆய்வு வந்தது. மரம் அரியும் வாளைப் பார்த்திருப்பீர்கள். மஜுங்கசோரஸின் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் அந்த வாள் போலவே சிறு சிறு வெட்டுகள் உண்டு. எலும்பில் இருந்த கீறல்களின் இடைவெளியை அளந்து பார்த்தார்கள். அது மஜுங்கசோரஸின் சொந்தப் பல்லோடு பொருந்தியது. அகிலனின் ஓட்டைப் பல் அப்பிளோடு பொருந்தியது போல!

மிகப் பழைய காலத்தில் மடகஸ்காரும் இந்தியாவும் ஒட்டியே இருந்தன. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கிடைத்த ராஜசோரஸ் என்ற டைனோசர் மஜுங்கசோரஸின் சொந்தக்காரன். தமிழ்நாட்டிலும் அரியலூருக்குப் பக்கத்தில் கல்லமேடு என்ற இடத்தில் டைனோசர் காலத்துப் பாறைகள் உண்டு. அங்கே கிடைத்த ஒரே ஒரு சின்னப் பல்லை வைத்து, துரூடோன் வகைச் சிறிய டைனோசர் இந்தியாவில் வாழ்ந்தது என்று 2013இல் எழுதினார்கள்.

“அப்ப ராஜசோரஸும் ராஜசோரஸைச் சாப்பிட்டதோ?” என்று அகிலன் கேட்டான்.

மதுரா அப்பப்பாவைப் பார்த்தாள். பிறகு தானே பதில் சொன்னாள். “ராஜசோரஸின்ர எலும்பைப் பாத்துத்தான் சொல்லலாம். சொந்தக்காரன் கடிச்சால் இவனும் கடிச்சவன் எண்டு சொல்லக் கூடாது.”

அப்பப்பா சிரித்துக்கொண்டே அகிலனின் தலையைத் தடவினார்.

எலும்பில் உள்ள தடம் மட்டும்தான் சாட்சி என்று நினைக்க வேண்டாம். 2009இல் டைனோசர் மாகாணப் பூங்காவில் ஓர் இளம் கோர்கோசோரஸ் கிடைத்தது. அதன் வயிறு இருந்த இடத்தில் இரண்டு சின்ன டைனோசர்களின் பின்னங்கால்கள் இருந்தன. கடைசியாகச் சாப்பிட்டவை! இன்னொன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் கிடைத்தது. 44 சென்ரிமீற்றர் நீளமான கல். அது உண்மையில் கல்லாகிப் போன டைனோசர் மலம். உள்ளே நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைய இருந்தன. 1998இல் அதைப் பற்றி ஒரு விஞ்ஞான இதழில் எழுதினார்கள். இந்த இடத்தில் அகிலன் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்துவிட்டான். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

நாலு பெட்டி

சிவப்புப் பென்சிலில் அழுத்திக் கீறியதை அழிப்பது கடினம். மதுரா தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நாலு பெட்டி போட்டாள்.

முதல் பெட்டியில் இரண்டு டைனோசர்கள் முகத்தில் கடித்துச் சண்டை போட்டன. இரண்டாவது பெட்டியில் ஒரு டாஸ்பிளெட்டோசோரஸ் தனியாக ஆற்றங்கரையில் நடந்தது. அதன் தலையில் தழும்புகள். நாலாவது பெட்டியில் அது செத்துக் கிடந்தது. ஒரு பெரிய டைனோசர் அதன் தாடையைக் கடித்தது. அந்தப் பெரிய டைனோசருக்கு அவள் நிறம் பூசவில்லை. வெறும் நிழலாக விட்டாள்.

“மூண்டாவது பெட்டி வெறுமையா இருக்கே அக்கா? கீற மறந்து போனீங்களோ?”

“இல்லை. அது எப்பிடிச் செத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.” அந்தப் பெட்டிக்குள் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

பிறகு அவள் பேசிப் பழகினாள். எழுத்துத் தமிழில் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். இது ஒரு டாஸ்பிளெட்டோசோரஸ். ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அல்பேர்ட்டாவில் வாழ்ந்தது. இதன் தலையில் பல தடவை கடி விழுந்தது. ஆனால் இது சாகவில்லை. காயம் ஆறியது. இது செத்த பிறகு இன்னொரு பெரிய டைனோசர் இதன் தாடையைக் கடித்தது. இதை நான் முதலில் பிழையாகக் கீறினேன். தாளைத் திருப்பினால் அந்தப் படமும் இருக்கிறது.”

“அதையும் காட்டப் போறியோ?” என்று அப்பப்பா கேட்டார்.

“ஓம். அதுவும் வடிவாத்தானே கீறியிருக்கிறன்!”

இதற்கிடையில் அகிலனைக் காணவில்லை. குசினியில் சத்தம் கேட்டது. அவன் பாண் துண்டுகளில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். முதல் துண்டை அப்பப்பாவிடம் நீட்டினான்.

“அப்பப்பா, ஒருக்கா கடியுங்கோ. சாப்பிட வேண்டாம். கடிச்சுப் போட்டுத் தாங்கோ.”

அப்பப்பாவின் கடியை வெள்ளைக் கடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. மதுராவின் கடி சின்னது. அப்பாவோ காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். அந்த நேரம் அம்மா வாசலில் பனி தள்ளி முடித்துவிட்டு, சப்பாத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அம்மா, இந்தப் பாணை ஒருக்கா கடியுங்கோ.”

“ஏன்டா?” என்றபடி அம்மா மேசையைப் பார்த்தார். “அட, அந்த அப்பிளோ? பனி தள்ளப் போக முந்தி நான்தான் ஒரு கடி கடிச்சனான். நீ கடிச்சுப் போட்டு விட்டதெண்டு நினைச்சன். வீணாப் போகப் போகுதே எண்டுதான்.”

மதுரா அகிலனைப் பார்த்தாள். “சொறி அகிலன்.”

அகிலன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பாண் துண்டை அம்மாவின் வாய்க்கு நேரே பிடித்தபடி நின்றான். “பறவாயில்லை அம்மா, நீங்கள் கடியுங்கோ. அளந்துதான் பாக்க வேணும்.”

புதிய சொற்கள்

தழும்பு – காயம் ஆறிய பிறகு நிற்கும் அடையாளம்
தடம் – ஒன்று பட்டதால் அல்லது போனதால் பதிந்த அடையாளம்
தாடை – பற்கள் இருக்கும் எலும்பு
பொருந்துதல் – ஒன்றோடு ஒன்று சரியாகச் சேர்தல்
மழுங்குதல் – கூர் இல்லாமல் போதல்
சாட்சி – நடந்ததைக் காட்டும் ஆள் அல்லது பொருள்

பேச்சும் எழுத்தும்

வீட்டில் பேசுவது போலவும் புத்தகத்தில் எழுதுவது போலவும் இந்தப் பாடத்தில் தமிழ் வருகிறது. கடிச்சனான் என்பதைக் கடித்தேன் என்று எழுதுவோம். சாப்பிடேல்லை என்பதைச் சாப்பிடவில்லை என்று எழுதுவோம். ஆர், இஞ்ச, எண்டு, கன நேரம், ஒருக்கா ஆகியவற்றை எப்படி எழுதுவீர்கள்? உங்கள் வீட்டில் இவற்றை வேறு மாதிரிச் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. சின்னக் கடி அகிலனுடையது என்று அப்பப்பா எப்படிக் கண்டுபிடித்தார்?
2. அப்பப்பாவின் கையில் இருந்த புடைப்பு மதுராவுக்கு எதை விளங்க வைத்தது?
3. நான்கு ரி-ரெக்ஸ் எலும்புகளைக் கடித்தது ரி-ரெக்ஸ்தான் என்று ஆய்வாளர்கள் ஏன் சொன்னார்கள்?
4. மதுரா நாலாவது பெட்டியில் இருந்த பெரிய டைனோசருக்கு ஏன் நிறம் பூசவில்லை?
5. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பாண் துண்டைக் கடிக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதாமல் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எது யாருடைய கடி என்று நண்பர்கள் சொல்லட்டும். என்ன சாட்சியை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.